உண்ணாமைச் சான்றிதழ்

வானொலி அறிவிப்பாளர்கள் தங்கள் பணிக்கோப்பில் ஒட்டியிருக்கும் புகைப்படத்தைப் போலவே இருந்தாக வேண்டும் என்று சொல்லும் சுற்றறிக்கை ஜூன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் நிலையத்தில் அறிவிப்பாளர்கள் இரண்டே பேர்: நிஃமத், நான். நிஃமத் வேலைக்குச் சேர்ந்த அன்று எப்படி ஒரு குச்சியாக இருந்தாளோ அப்படியே இன்றும் இருந்தாள். ஆகவே சுற்றறிக்கை பன்மையில் எழுதப்பட்டிருந்தாலும் அது யாரைப் பற்றியது என்பதில் கட்டடத்தில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்று என் மேசைக்கு வந்த தேநீரில் சர்க்கரை இல்லை. நான் அப்படிக் கேட்டிருக்கவும் இல்லை.

எங்களுடையது நீர்ப்பாசனத் துறையின் வானொலி. எகிப்தின் மன்ஸூரா நகரைச் சுற்றியுள்ள கால்வாய்களில் இன்று எதில் தண்ணீர் விடுவார்கள், எதை அடைப்பார்கள், எத்தனை மணி வரை என்று காலை ஆறு மணிக்குச் சொல்வதுதான் எங்கள் வேலை. மொத்தம் இருபது நிமிடம். நெல் நடவுக் காலத்தில் அந்த இருபது நிமிடம் முடியும்வரை விவசாயிகள் பம்புசெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள் என்று கேள்வி. பன்னிரண்டு வருடமாக அந்த இருபது நிமிடம் என்னுடையது. நான் அதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் என்னிடம் இருந்த ஒரே பெருமை அதுதான்.

எட்டு மாதத்தில் எனக்குப் பதினோரு கிலோ கூடியிருந்தது. தின்று கூடியிருந்தால் வெட்கம் மட்டும் இருந்திருக்கும். தின்னாமல் கூடியதால் பயமும் சேர்ந்துகொண்டது. விவாகரத்துக்குப் பிறகு நான் தனியாக இருப்பவள். வீட்டில் சந்தேகப்பட என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. தூக்கத்தில் எழுந்து தின்கிறேனோ என்று நினைத்து, படுக்கும் முன் குளிர்பெட்டிக் கதவின் குறுக்கே காகித நாடா ஒட்டத் தொடங்கினேன். காலையில் நாடா அப்படியே இருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடைவதற்குப் பதில், எவ்வளவு தந்திரமாகத் திரும்ப ஒட்டியிருக்கிறேன் என்று என்மேலேயே எரிச்சல் வரும். ஒரு மனுஷி தன்னைத் தானே இவ்வளவு தூரம் நம்பாமல் போக முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

ஜூன் வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. எல்லாவற்றையும்விட மோசம், குரல். அடியில் யாரோ ஒரு பிடி மணலைக் கொட்டிவிட்டதுபோலத் தடித்து, கரகரத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கீழே விழுந்தது. சுற்றறிக்கை வந்த மறுநாள் காலை, ஒலிவாங்கியின் முன், நான் பன்னிரண்டு வருடம் சொல்லிவந்த ஒரு கால்வாயின் பெயர் எனக்கு மறந்துபோனது. தாளில் எழுத்து இருந்தது. அதைக் கண் படித்தது. வாய்க்கு அது வந்து சேரவில்லை. பதினோரு நொடி. வானொலியில் பதினோரு நொடி என்பது ஒரு மரணச் செய்திக்கு முன்னால் விடும் இடைவெளி. தொலைபேசி விடாமல் அடித்தது.

அன்று மாலை எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதறிப்போய்ப் பிரித்தேன். மௌனத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எடையைப் பற்றி மட்டும் இருந்தது. மௌனம் காதில் விழாது என்பதால் அதைப் பதிவு செய்ய வழியில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

விளக்கம் கொடுப்பதற்கு முன் அதிகாரபூர்வமாக எடை பார்க்க வேண்டும். அளவைத் துறையின் முத்திரை பெற்ற தராசு கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான். பழைய காகிதத்தை எடை போட்டு விற்பதற்காக அது கீழ்த்தளக் கிடங்கில் இருந்தது. கிடங்கின் பொறுப்பாளர் ஷஹாத்தா மாமா. ஓய்வுக்குப் பதினோரு மாதம் பாக்கி இருந்த மனிதர். ரசீது இல்லாமல் அந்தத் தராசைத் தொடக்கூடாது என்பது விதி. ரசீதிலோ பொருளின் நிலை என்ற இடத்தில் இரண்டு சொற்கள்தான் அச்சாகியிருந்தன: புதியது, பயன்படுத்தியது.

மாமா பேனா முனையை இரண்டு சொற்களுக்கும் மேலே மாறி மாறி நகர்த்தினார்.

"தப்பா நினைச்சுக்காதேம்மா."

"பயன்படுத்தியதுன்னே போடுங்க மாமா."

"நல்ல நிலைமையில இருக்குன்னு பக்கத்துல எழுதிடறேன்," என்றார். எழுதினார். எட்டு மாதத்தில் என் உடம்பைப் பற்றி யாராவது சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

தோற்றத் தகுதிக் குழு இரண்டாவது மாடியில் கூடியது. தலைவர் டாக்டர் முகர்ரம். கோப்புகளை வரிசைப்படுத்தும் முறை பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பக்கத்தில் சட்டப் பிரிவின் ஃபத்ஹல்லா. கையில் பேனா, முன்னால் பதிவேடு. ஒருவர் தும்மினால்கூட நேரத்தோடு எழுதுவார்.

"உட்காருங்க மேடம்," என்றார் தலைவர். "முதல்ல ஒண்ணு தெளிவாயிடணும். நாங்க உங்களுக்கு எதிரி இல்ல. உங்க கோப்பும் நீங்களும் ஒத்துப் போகல. ரெண்டுல யாரு சரின்னு பாக்கறதுதான் எங்க வேலை. பொதுவா கோப்புதான் சரியா இருக்கும்."

"சார், வானொலியில என்னை யாரும் பாக்கறதில்லையே."

அவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நாற்காலியில் நிமிர்ந்தார்.

"இதுதான் பழைய சிந்தனைங்கறது. டிவி பாக்கறவன் கேமரா காட்டறதை மட்டும் பாக்கறான். வானொலி கேக்கறவன் முழுசா பாக்கறான் மேடம். கண்ணை மூடிக்கிட்டு, தலையில இருந்து கால் வரைக்கும். அரசாங்கத்தை அவன் எப்படி மனசுல பாக்கறாங்கறது உங்க இடுப்பைப் பொறுத்தது."

"என் குரல் மாறிப்போச்சு சார். அதை யாராவது கேட்டீங்களா? மூணு மாசமா…"

"நான் வானொலி கேக்கறதில்ல," என்றார். "கேட்டா நடுநிலை போயிடும்."

ஃபத்ஹல்லா அதையும் எழுதினார்.

பிறகு ஒரு படிவம் தந்தார்கள். எடை கூடியதற்கான காரணம் என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள்: உணவு, கர்ப்பம், திருமணம்.

"இதுல எதுவுமே இல்ல," என்றேன்.

"திருமணம்னா, சந்தோஷத்துல கூடறது," என்று விளக்கினார் ஃபத்ஹல்லா.

"எனக்கு விவாகரத்தாகி அஞ்சு வருஷம்."

"துக்கத்துலயும் கூடும்தான். ஆனா அதுக்குக் கட்டம் இல்ல."

மூன்றில் இரண்டு அடிபட்டுப் போனதால் உணவு என்று தீர்மானம் ஆனது. நான் தின்பதில்லை என்று மறுத்தால், அதை நிரூபிக்க உண்ணாமைச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். பணியில் இருக்கும் அரசு ஊழியர் இரண்டு பேர் ஏழு நாள் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டு, அரசின் கழுகு முத்திரை வாங்கியிருக்க வேண்டும். பிறந்தது, பிழைத்திருப்பது, நல்ல நடத்தை, எல்லாவற்றுக்கும் இந்த நாட்டில் இரண்டு ஊழியர் கையெழுத்து வேண்டும் என்பதால் எனக்கு அது வினோதமாகவே படவில்லை. படிகளில் இறங்கும்போதுதான் வினோதமாக இருந்தது. நிற்கிறேனா நகர்கிறேனா என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

இடைக்கால ஏற்பாடாக, நேயர்களின் பார்வையிலிருந்து என்னை மறைப்பதற்காக, ஒலிப்பதிவு அறையில் எனக்கும் ஒலிவாங்கிக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை தொங்கவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து நான் தண்ணீரை அறிவித்தேன்.

சாட்சிகளாக ஷஹாத்தா மாமாவும் நிஃமத்தும் வந்தார்கள். பகலில் மாமா, மாலைமுதல் என் வீட்டில் நிஃமத்.

"யோசிச்சுக்கோடி," என்றேன் அவளிடம். "நான் போனா ஆறு மணி நிகழ்ச்சி உனக்குத்தான்."

"அதனாலதான் வர்றேன், பைத்தியக்காரி. உன் எடத்துக்கு வந்தா நாலரைக்கு எந்திரிக்கணும். என் தூக்கத்துக்காக உன்னைக் காப்பாத்தறேன், உனக்காகன்னு நினைச்சுக்காதே."

மாமா ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எழுதினார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். புதன்: அரை ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி ஒரு விரல் அளவு, வெள்ளரிக்காய் ஒன்று, அதில் பாதியைச் சாட்சி தின்றார். வியாழன்: அவித்த மொச்சை நான்கு கரண்டி, எண்ணெய் ஊற்றச் சொல்லிச் சாட்சி வற்புறுத்தினார், ஊழியர் மறுத்துவிட்டார்.

"ஏம்மா, நீ சாப்பிடறதைப் பாத்துப் பாத்து எனக்குப் பசி தாங்கல," என்றார். "வீட்டுக்குப் போனதும் ரெண்டு மடங்கு தின்னுடறேன். என் சம்சாரம் கேக்கறா, எங்கய்யா போய் வேலை செஞ்சுட்டு வர்றேன்னு."

ஏழாம் நாள் முடிவில் மாமாவுக்கு இரண்டு கிலோ கூடியிருந்தது. எனக்கு ஒரு கிலோ இருநூறு.

தராசின் முள் நின்ற இடத்தை மூன்று பேரும் பார்த்தோம். நிஃமத் குனிந்து, என் செருப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். முள் அசையவில்லை.

குழு மறுபடி கூடியது.

"அரசு ஊழியர் ரெண்டு பேர் எழுதினது பொய்யா இருக்க முடியாது," என்றார் டாக்டர் முகர்ரம். "அரசாங்கத் தராசும் பொய் சொல்லாது. அப்ப பொய் எங்கயோ இருந்தாகணும். மிச்சம் இருக்கறது நீங்கதான் மேடம்."

அன்று குழு கலைந்தபின் ஃபத்ஹல்லா என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, நல்லது செய்யும் முகத்தோடு பேசினார்.

"ஒரு காகிதம் எழுதிக் குடுத்துடுங்க. சாட்சிகள் பாக்காதப்ப ரகசியமா தின்னேன்னு. ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும். ஒலிவாங்கி உங்ககிட்டயே இருக்கும்."

"சாட்சிகளுக்கு என்னாகும்?"

"கவனக்குறைவுன்னு வரும். நிஃமத்துக்கு ஒண்ணும் ஆகாது, வயசிருக்கு. ஷஹாத்தாவோட ஓய்வூதியக் கோப்பு மட்டும் நிக்கும்."

"எவ்வளவு நாள்?"

"நின்ன கோப்பு எப்பம்மா நகர்ந்திருக்கு?"

"இது ஒரு நோயா இருந்தா?"

அவர் முகம் உண்மையிலேயே கவலைப்பட்டது. "அதை மட்டும் சொல்லிடாதீங்க. நாள்பட்ட நோய்னா மருத்துவ வாரியத்துக்குப் போகும். உடம்பு சரியில்லாதவங்களை ஒலிபரப்புல வெக்க விதியில்ல. நேரா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. தின்னா மன்னிப்பு உண்டு மேடம். நோய்க்கு மன்னிப்பு கிடையாது." ஜூலை கடைசித் திங்கள்கிழமைவரை எனக்கு நேரம் தந்தார்கள்.

அதற்குள் மூன்று மருத்துவர்களைப் பார்த்திருந்தேன். மூவரும் கையைக்கூடத் தொடாமல் நடக்கச் சொல்லியிருந்தார்கள். நான்காவதாகப் போனது நிஃமத்தின் பிடிவாதத்தால். ஒரு மருந்துக்கடையின் மாடியில் மாலை நேரங்களில் உட்காரும் டாக்டர் டெமியானா. முப்பது வயதுகூட இருக்காது. நான் உள்ளே போய், பெயர் இப்திஹால், வயது முப்பத்தொன்பது என்று சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னத்தை?"

"எதையாவது. இது உங்க குரலா?"

"இல்ல," என்றேன். அந்தப் பதில் என்னிடமிருந்து வந்த வேகம் என்னையே திடுக்கிட வைத்தது.

எழுந்து வந்து என் பின்னால் நின்று, இரண்டு கைகளாலும் கழுத்தைத் தொட்டார். முழுங்கச் சொன்னார். புருவத்தின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே முடி உதிர்ந்திருந்ததை நானே அதுவரை கவனித்ததில்லை.

"குளிருதா?"

"ஜூலையில போர்வை போத்திக்கறேன்."

"மத்த டாக்டருங்க என்ன சொன்னாங்க?"

"நடக்கச் சொன்னாங்க."

"நடந்தீங்களா?"

"நடந்த நடைக்கு இந்நேரம் சூடான் எல்லையைத் தாண்டியிருப்பேன் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். நான்கு நாள் கழித்து முடிவைப் பார்த்துவிட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்து ஒவ்வொரு எண்ணாகக் காட்டினார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு எவ்வளவு வேகத்துல ஓடணும்னு அதுதான் சொல்லும். உங்க உடம்புல இருக்கற காவல்காரங்க அதை அந்நியன்னு நினைச்சு அடிச்சிட்டே இருந்திருக்காங்க. அது பாதி செத்துப்போச்சு. குளிர், மறதி, குரல், முடி, எடை, எல்லாம் அதனாலதான்."

"ஏன் அந்நியன்னு நினைச்சாங்க?"

"முழுசா யாருக்கும் தெரியாது. நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல."

"நான் தின்னதால இல்லையா?"

"இல்லம்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அந்த அறையில் நான் அழுதது நோய்க்காக இல்லை. எட்டு மாதமாக எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய்ச்சாட்சி என்று இப்போது என் இரத்தம் எழுதித் தந்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், டாக்சியில், கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளேயும் ஒரு குழு கூடியிருக்கிறது, வருடக்கணக்காகத் தன்பாட்டுக்கு வேலை பார்த்து வந்த ஒருத்தியைக் கூப்பிட்டு, நீ எங்கள் ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அந்தச் சுரப்பியின் மேல் எனக்கு ஒரு சக ஊழியரின் பரிவு வந்தது.

மாத்திரை சின்னது, வெள்ளை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. அதன்பிறகு அரை மணி நேரமாவது தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. வாழ்நாள் முழுக்க. குரல் திரும்ப இரண்டு மாதமாவது ஆகும் என்றார் டாக்டர் டெமியானா. என்னிடம் இருந்தது இரண்டு வாரம்.

அந்த இரண்டு வாரமும் காகிதத்தை எழுதுவதா வேண்டாமா என்று நினைத்து நினைத்துத் தேய்ந்தேன். எழுதினால் ஆறு மணி எனக்கு, மாமாவின் கோப்பு நிற்கும். எழுதாவிட்டால் ஆறு மணி போகும். நோயைச் சொன்னாலும் போகும். ரகசியமாகத் தின்றேன் என்று எழுதுவது எனக்குக் கஷ்டமான வேலையே இல்லை என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. எட்டு மாதம் அதைத்தானே மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். தேதி போட்டுக் கையெழுத்திடுவது மட்டும்தான் பாக்கி.

மாமாவிடம் சொன்னேன். காகிதக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"நீ எழுதிக் குடுத்துடும்மா," என்றார். "எனக்கு என்ன, ஓய்வூதியம் வந்தாலும் சம்சாரம் திட்டுவா, வரலைன்னாலும் திட்டுவா."

சொல்லிவிட்டு அடுக்கிய கட்டையே மறுபடி கலைத்து அடுக்கினார்.

திங்கள்கிழமை வந்தது. பதற்றத்தில் காலை மாத்திரையைப் போடாமலே கிளம்பிவிட்டேன். பச்சைத் திரைக்குப் பின்னால் இருபது நிமிடம் எப்படிப் படித்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு பெயரையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தேன். ஒன்பது மணிக்கு இரண்டாவது மாடிக்குப் போனேன். வயிற்றில் ஒன்றும் இல்லை. கைப்பையில் மாத்திரை அட்டையும், எழுதாத ஒரு வெள்ளைத் தாளும் இருந்தன.

மேசைமேல் ஒரு பெரிய தட்டு நிறைய பஸ்பூஸா. ரவையில் செய்து சர்க்கரைப்பாகு ஊற்றி, துண்டுக்கு ஒரு பாதாம் பதித்திருந்தது. டாக்டர் முகர்ரமுக்குத் துணைப் பொது இயக்குநராகப் பதவி உயர்வு அன்று காலைதான் வந்திருந்தது. அவருடைய மாமனார் அமைச்சகத்தில் உதவிச் செயலர் என்பதும், அந்த உயர்வு எந்த வீட்டு வாசல் வழியாக வந்தது என்பதும் கட்டடம் அறிந்த விஷயம்.

"வாங்க வாங்க மேடம்!" என்றார், முகமெல்லாம் மலர்ச்சி. "விசாரணை அப்புறம். முதல்ல இனிப்பு."

"வாழ்த்துகள் சார். எனக்கு வேண்டாம்."

"அது எப்படி வேண்டாம்? ஒரே ஒரு துண்டு."

"மன்னிச்சுக்குங்க சார்."

"சந்தோஷமான நாள்ல மறுக்கறதா? என் வீட்டம்மா மேல தலாக்! இந்த அறையை விட்டுப் போறதுக்குள்ள நீங்க எதையாவது சாப்பிட்டே ஆகணும்!"

விருந்தாளி மறுத்தால் எங்கள் ஆண்கள் வாயில் தானாக வரும் சத்தியம் அது: சொன்னது நடக்காவிட்டால் மனைவிக்கு விவாகரத்து. கோழிக்கும் சொல்வார்கள், தேநீருக்கும் சொல்வார்கள். பெரும்பாலும் யாராவது ஒரு வாய் தின்றுவிடுவார்கள், குடும்பம் பிழைத்துவிடும். எனக்கு ஒரு முறை அந்தச் சொல்லை இனிப்பு எதுவும் இல்லாமல் சொன்னார்கள். அதனால் அது விழும் சத்தம் எனக்குத் தெரியும்.

ஃபத்ஹல்லாவின் பேனா காகிதத்தின் மேல் நின்றது.

"சார்," என்றார் மெதுவாக. "இது மூணாவது."

"என்ன மூணாவது?"

"ஒண்ணு உங்க மச்சான் கல்யாணத்துல, அந்த வாத்துக்காக. ரெண்டாவது கார் நிறுத்தற எடத்துல. ரெண்டுக்கும் முஃப்தி அலுவலகம் போய்க் கேட்டோம், ரெண்டு தலாக்கும் விழுந்துடுச்சுன்னுட்டாங்க. ரெண்டு தடவையும் சாட்சிக் கையெழுத்து நான்தான்."

டாக்டர் முகர்ரமின் முகத்திலிருந்து இரத்தம் வடிந்துபோனது. மூன்றாவது விழுந்தால் மனைவி திரும்ப வர வழியில்லை; மனைவி போனால் மாமனார், மாமனாரோடு அந்தத் தட்டு.

"மேடம்," என்றார். "ஒரு துண்டு. சின்னத் துண்டு."

"நான் தின்னா அதை அவர் எழுதுவாரே சார். தின்னதுதானே என்மேல குற்றம்."

"எழுதித்தான் ஆகணும்," என்றார் ஃபத்ஹல்லா. "குற்றத்துக்குத் தூண்டினவர்னு தலைவர் பேரும் வரும். தலைவரே இனிப்பை வாயில ஊட்டினதாத்தான் ஆகும்."

"அப்ப தின்ன வேண்டாம்!" என்றார் தலைவர். அடுத்த கணமே, "ஐயோ, தின்னுங்க!" என்றார்.

இரண்டு மாதமாக என் வாயைக் காவல் காத்தவர்கள் இப்போது அது திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள். எனக்கு இதில் மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு துண்டு பஸ்பூஸாவைத் தின்றால், ஏழு நாளும் இவள் இப்படித்தான் தின்றிருப்பாள் என்று முடிக்க அவர்களுக்கு ஒரு நொடி போதும். எழுந்து போய்விட்டாலோ, ஆறு மணி எனக்கு இல்லை. அப்போதுதான் இன்னும் மாத்திரை போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த மறதிக்கு அன்று நன்றி சொன்னேன்.

"ஒரு கிளாஸ் தண்ணி கிடைக்குமா?"

தலைவரே ஊற்றித் தந்தார். அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, நாக்கில் வைத்து, இருவரும் பார்க்க முழுங்கினேன். தொண்டையில் அது இறங்குவதை இருவருடைய கண்களும் பின்தொடர்ந்தன.

"ஒன்பது பத்து," என்றார் ஃபத்ஹல்லா. "ஊழியர் வெள்ளை நிறப் பொருள் ஒன்றை… அது என்ன மேடம்?"

"மாத்திரை."

"மருந்தா? எந்த நோய்க்கு?"

இதோ, மருத்துவ வாரியம்.

"ஃபத்ஹல்லா!" தலைவர் மேசையில் அறைந்தார், பஸ்பூஸா ஒன்று குதித்தது. "கேக்காதய்யா! மருந்துன்னு எழுதினா அது சாப்பாடு ஆகாது. சாப்பாடு ஆகலைன்னா என் சத்தியம் என்னாகறது? சாப்பாடுன்னு எழுது!"

"மாத்திரையையா சார்?"

"வாயில போட்டாங்க. முழுங்கினாங்க. உள்ள போச்சு. வேற எதைய்யா சாப்பாடுங்கறே? எனக்குச் சட்டம் சொல்லித் தர்றியா?"

ஃபத்ஹல்லா யோசித்து, பிறகு எழுதினார். எழுத எழுத அவருக்கே அதன் அழகு பிடித்துப்போனது. ஊழியர் குழுவின் முன்னிலையில் வெள்ளை நிற உணவு ஒன்றை உட்கொண்டார். அதற்கு முன் உண்ணவில்லை என்று சாட்சிகள் சொன்னதை இது எவ்விதத்திலும் மறுக்கவில்லை. உணவு என்ற கட்டம் நிரூபணமாகிவிட்டதால் எச்சரிக்கையோடு கோப்பு மூடப்படுகிறது. அலுவலக நேரத்தில், அலுவலக வளாகத்தில் மேற்படி உணவை மீண்டும் உட்கொள்வதில்லை என ஊழியர் உறுதியளிக்கிறார்.

"வீட்டுல?" என்று கேட்டேன்.

"வீட்டுல நீங்க எதைத் தின்னா அரசாங்கத்துக்கு என்ன?" என்றார் தலைவர். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தட்டைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

கையெழுத்திட்டேன். ஒரே ஒரு சொல்தான் அதில் பொய். அந்த ஒரு சொல்லுக்காகவாவது பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. எனக்கு ஒரு நோய் இருக்கிறது, நான் தின்னவில்லை என்று இந்த அறைக்குள் உரக்கச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்பது அப்போதுதான் தெரிந்தது. மாமாவின் கோப்பு நகரும். நாளை ஆறு மணிக்கு நான் இருப்பேன். என் நோய் மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் என்னோடு வீட்டுக்கு வரும்.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது ஃபத்ஹல்லா போகாமல் நின்றார். கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது.

"மேடம், இது பதிவுல இல்ல. அந்த மாத்திரை குடுத்த டாக்டர் யாரு?"

"ஏன்?"

"என் வீட்டுல." பேனாவை மூடினார். "ஒரு வருஷமா ஊதிட்டே போறா. தின்னலைங்கறா. ஜூலையில சன்னலைச் சாத்தச் சொல்றா, குளிருதாம். நான் நம்பல."

"நம்பாம என்ன செஞ்சீங்க?"

சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். மாதச் சந்தா கட்டும் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் கொடுக்கும் லிஃப்ட் சாவி.

"எங்க வீடு ஏழாவது மாடி. மார்ச்ல இருந்து இதை நான்தான் வெச்சிருக்கேன். படி ஏறினா குறையும்னு."

"டாக்டர் பேரு அப்புறம் சொல்றேன்," என்றேன். "இப்ப அவங்க எங்க இருப்பாங்க?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சந்தைக்குப் போயிட்டு வர்ற நேரம்."

"ஃபோன் பண்ணுங்க."

போட்டார். அமைதியான அறையில் மணி போவது எனக்கும் கேட்டது. நீண்ட நேரம் போனது. எடுத்தபோது முதலில் மூச்சு மட்டும் வந்தது.

"அஞ்சாவதுல உக்காந்திருக்கேன்," என்றது ஒரு பெண் குரல். "பை கனமா இருந்துச்சு. இதோ ஏறிடறேன். ஏன் நின்னேன்னு திட்டறதுக்கா கூப்பிட்டீங்க?"

தடித்த குரல். ஒவ்வொரு வாக்கியமும் முடியும் இடத்தில் கீழே விழுந்தது. வாழ்நாள் முழுக்கக் குரலோடு வேலை செய்தவள் நான். எனக்கு வேறு பரிசோதனை வேண்டியிருக்கவில்லை.

ஃபத்ஹல்லா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"ஏறாதே," என்றார் போனில். "அங்கயே உக்காந்திரு. நான் வர்றேன்."

"எதுக்கு?" என்றாள் அவள், பயந்துபோய். "நான் என்ன செஞ்சேன்?"

அவர் சாவியை அள்ளிக்கொண்டு ஓடினார். பதிவேடு திறந்தே கிடந்தது. அவர் கிளம்பிய நேரத்தை யாரும் எழுதவில்லை.